கண்ணாடிக்கு வெளியே ஊதும் சங்கு

கப்பலை ஓட்டும் அறையை நாங்கள் பிரிட்ஜ் என்றே சொல்வோம். இப்போது வரும் கப்பல்களில் அது நாலாபுறமும் கண்ணாடி அடைத்து, ஏர்கான் போட்ட அறை. ரேடார், மின்னணு வரைபடம், ரேடியோ எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வெயில் படாது, மழை படாது. கடலின் சத்தமும் கேட்காது. என் பிழைப்பு அந்தக் கடைசி விஷயத்தில்தான் ஓடுகிறது.

கடலில் மோதலைத் தவிர்க்க 1972இல் வகுத்த அனைத்துலக விதிகளில் ஐந்தாவது விதி, கண்ணாலும் காதாலும் எந்நேரமும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது. பார்வை மங்கும் வேளையில், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரக் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது நீளமாகச் சங்கு, அதாவது கப்பலின் ஹாரன், ஊத வேண்டும். நீளம் என்றால் நான்கு முதல் ஆறு வினாடி. ஓடாமல் நின்றுவிட்டால் இரண்டு நீள ஊதல். மீன்பிடிக் கப்பல் என்றால் ஒரு நீளம், இரண்டு குறுக்கம். ஊதுகிறவருக்கு இத்தனை விதி வைத்துவிட்டு, கேட்க வேண்டியவரைக் கண்ணாடிக்குள் உட்கார வைத்தால் எப்படி? அதனால்தான் கடலில் உயிர்க் காப்புக்கான சோலாஸ் என்ற அனைத்துலக உடன்படிக்கை, முழுக்க மூடிய பிரிட்ஜ் உள்ள கப்பலில் வெளிச்சத்தத்தை உள்ளே கேட்க வைத்து, அது வரும் திசையையும் காட்ட ஒரு ஏற்பாடு வேண்டும் என்கிறது. கூரைமேல் மைக்குகள், உள்ளே ஒலிபெருக்கி, பக்கத்தில் திசை காட்டும் விளக்கு வட்டம். இதைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் வேலைகளில் ஒன்று.

நான் இருப்பது மலேசியாவில், காப்பாரில். கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போகும் சாலையில், ஒரு காலத்தில் பால்மரமும் இப்போது செம்பனையுமாகத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்களின் பிள்ளைகள் பலர் துறைமுகப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். என் பட்டறையில் இருக்கும் இரண்டு தம்பிகளும் தோட்டத்துக் குடும்பம்தான். போர்ட் கிள்ளான் துறைமுகத்தின் நார்த்போர்ட்டிலோ புலாவ் இண்டாவில் உள்ள வெஸ்ட்போர்ட்சிலோ கப்பல் வந்து அணைந்ததும் எங்களுக்குப் போன் வரும்.

சத்தத்தைப் பற்றி எனக்கு முதலில் யோசிக்கக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு மாமா. செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூரத்து இடி அவருக்குத் துல்லியமாகக் கேட்கும். பேத்தி முற்றத்திலிருந்து கூப்பிட்டால் கேட்காது. இரைச்சலில் காலம் தள்ளியவர்களின் காதில் முதலில் போவது மேல்ஸ்தாயிதான். மலேசியாவில் 2019இல் வந்த விதிமுறை, ஒரு நாள் வேலையில் தொழிலாளியின் காதுக்கு 85 டெசிபல்தான் உச்சம் என்கிறது. மாமாவின் காலத்தில் இந்த 85 வரம்பு இல்லை. ‘காது கேட்கிறதா’ என்பது மொட்டைக் கேள்வி, எந்தச் சத்தம் கேட்கிறது என்று கேட்க வேண்டும். கப்பலிலும் அதே கதை.

சங்கின் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் சங்கு, ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 143 டெசிபல் இருக்க வேண்டும். அது கேட்கும் தூரமாக விதி சொல்வது 2 கடல் மைல். 143 என்றதும் காது கிழியும் என்று தோன்றும். ஆனால் பரவப் பரவ சத்தம் தேயும். 2 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 3,700 மீட்டர் கடந்து வருவதற்குள் தூரத்தினால் மட்டுமே 71 டெசிபல் போய்விடும். மிஞ்சுவது 72. கேட்கிறவர் நிற்கும் இடத்தில் ஏற்கெனவே இருக்கும் இரைச்சல், 250 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 250 அதிர்வு) பட்டையில் 68 டெசிபல் என்று அதே விதியின் பிற்சேர்க்கை வைத்துக்கொள்கிறது. ஆக, நம் கையில் இருப்பது நான்கு டெசிபல். அதுவும் காற்று அடங்கிய நேரத்துக்கான கணக்கு. எதிரெதிராக 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் வரும் இரண்டு கப்பல்கள் அந்த 2 மைலை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஊதல் என்றால், இடையில் காதுக்குக் கிடைப்பது இரண்டோ மூன்றோதான்.

ஆம்பிளிஃபயரைப் பெரிதாகப் போட்டால் போதாதா என்று பலர் கேட்பார்கள். அது சங்கையும் கூட்டும், இரைச்சலையும் கூட்டும். நடுவில் இருக்கும் நான்கு டெசிபல் அப்படியேதான் இருக்கும். மற்ற சத்தத்தைக் கழிக்க வேண்டும், வேலை அங்கேதான் இருக்கிறது. அதில் முக்கால்வாசி, மைக்கை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே தீர்ந்துவிடுகிறது.

பிரிட்ஜின் மேல்கூரைக்கு மங்கி ஐலண்டு என்று பெயர். ரேடார் கம்பம், ஆன்டெனாக்கள், காந்தத் திசைகாட்டி எல்லாம் அங்கேதான். அவையெல்லாம் தங்களுக்கு வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு, மிச்சமிருக்கும் மூலையில் மைக் தொகுதியை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பின்னால் புகைபோக்கி, பக்கத்தில் ஏர்கான் காற்று வெளியேறும் வாய், மேலே காற்றில் அதிரும் கம்பி வடம். பிரிட்ஜின் இரு பக்கமும் நீளும் மேடையான பிரிட்ஜ் விங் போன்ற கேட்கும் இடங்களில் கப்பலின் சொந்த இரைச்சல் 70 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இரைச்சல் விதித்தொகுப்பு சொல்கிறது. மைக் இருக்கும் மூலையை யாரும் அளப்பதில்லை.

ஒரு கப்பலில் மைக்கிலிருந்து கைநீட்டினால் தொடும் தூரத்தில் காற்றோட்ட விசிறியின் வாய். இடத்தை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கேபிள் இழுக்கச் செலவாகும், சான்றிதழ் சரியாகத்தானே இருக்கிறது என்று பதில் வந்தது. கருவி வேலை செய்கிறது, உண்மைதான். சான்றிதழும் பொய்யில்லை. ஆனால் அது நாள் முழுக்க கேட்டுக்கொண்டிருப்பது விசிறியை. மனிதர்களின் உயிரைக் காக்க வைத்த பொருளை ஒரு டிக் குறிக்காக மட்டும் வைத்திருப்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அப்புறம், பராமரிப்பு. மைக்கின் மேல் காற்றுத் தடுப்பாக ஒரு கறுப்பு நுரைத் தொப்பி இருக்கும். இந்த வெயிலிலும் உப்புக் காற்றிலும் அது மக்கிவிடும். விரலால் அழுத்தினால் கருப்பட்டித் தூள் மாதிரி உதிரும். சில கப்பல்களில் மழை நனைக்கக் கூடாது என்று நல்லெண்ணத்தோடு பிளாஸ்டிக் பை கட்டி வைத்திருப்பார்கள். அதைவிட மோசம் பெயிண்ட். கூரைக்கு வெள்ளை அடிக்கும்போது மைக்கின் கண்களையும் சேர்த்து அடித்துவிடுவார்கள். ஒரு தடவை அந்த வெள்ளைத் தோலை மூங்கில் குச்சியால் உரித்து எடுத்தேன். உள்ளே குளவிக்கூடு. காய்ந்த மண்ணைச் சுரண்டச் சுரண்ட, குளவி தன் குஞ்சுக்கு இரையாக அடைத்து வைத்த சிலந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அந்தப் பக்கத்து மைக் எத்தனை காலமாகச் செவிடாக இருந்ததோ, பிரிட்ஜில் யாருக்கும் தெரியவில்லை. சங்கு ஊதாத நாட்களில் கேட்கும் மைக்கும் கேட்காத மைக்கும் ஒன்று போலத்தான் இருக்கும்.

இன்னொரு கப்பலில் இரண்டாம் அதிகாரி தூத்துக்குடிக்காரர். தமிழ்க் குரல் கேட்டதும் காபி போட்டுக் கொடுத்தார். ஒலிபெருக்கியின் வால்யூம் குமிழ் கடைசி வரை இறக்கியிருந்தது.

“ஏன் சார், இவ்வளவு குறைச்சு வெச்சிருக்கீங்க?”

“அண்ணே, ராத்திரி நாலு மணி நேரமும் புர்ர்னு இரைஞ்சுகிட்டே இருந்தா மனுஷன் எப்படி வாட்ச் பார்க்கிறது?”

வாட்ச் என்பது பிரிட்ஜில் நின்று கடலைக் கவனிக்கும் முறைக் காவல். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 14 நாட் வேகத்தில் போகும் கப்பலில் 15 நாட் எதிர்காற்று அடித்தால், மைக்கின் மேல் வினாடிக்கு ஏறக்குறைய 15 மீட்டர் வேகத்தில் காற்று பாய்கிறது. காற்றிரைச்சலின் பலமெல்லாம் கீழ்ஸ்தாயியில்தான். பெரிய கப்பலின் சங்கும் அங்கேதான் இருக்கிறது, 70 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை. புது நுரைத் தொப்பி போட்டு, வேண்டாத ஒலியைக் கழிக்கும் வடிகட்டியைச் சரிசெய்து, மறுபடி ஓடவிட்டோம். இரைச்சல் தணிந்ததும் நான் கேட்காமலே அவர் குமிழைக் கூட்டினார். இரைச்சலைக் குறைக்காமல் அதிகாரியைக் குறை சொல்வதில் பயனில்லை என்பது என் கட்சி.

வடிகட்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கருவிக்கு அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 1998இல் வகுத்த தரம், 70 முதல் 820 ஹெர்ட்ஸ் வரை கேட்க வேண்டும் என்கிறது. நிமிடத்துக்கு 720 சுற்று ஓடும் ஆறு சிலிண்டர் ஜெனரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிப்பதால், வினாடிக்கு மொத்தம் 36 வெடிப்பு. அதன் மடங்குகள் 72, 108, 144 என்று ஏறி, பெரிய கப்பலின் சங்கு இருக்கும் இடத்திலேயே வந்து உட்காரும். பட்டையை வெட்டி இதைத் தள்ள முடியாது, வெட்டினால் சங்கும் போய்விடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான். ஜெனரேட்டர் ஓயாமல் ஓடும், சங்கு தொடங்கி முடியும். ஓயாத சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக் கழிக்கும்படி செய்யலாம். ஆனால் மெதுவாகத்தான் கழிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஆறு வினாடிச் சங்கையும் இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிடும்.

திசை காட்டுவது தனிக் கஷ்டம். பட்டறையில் பழுது பார்த்த தொகுதியை நாங்கள் தோட்டத்து ஓரத் திடலுக்குக் கொண்டுபோவோம். ஒரு தம்பி ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு வட்டமாக நடப்பான், இன்னொருவன் விளக்கைப் பார்த்துச் சொல்வான். 500 ஹெர்ட்ஸ் ஒலி விட்டால் விளக்கு அவன் பின்னாலேயே போகும். 100 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் தடுமாறும். “என்ன அண்ணே, பெரிய கப்பலோட சங்குக்குத்தான் ரொம்பக் குழம்புது?” என்று அவன் கேட்டது சரியான கேள்வி. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை மூன்றரை மீட்டர் நீளம். மைக்குகளுக்கு நடுவில் இருப்பது ஒரு முழங்கூட இல்லை. ஒரு மைக்கைத் தொட்ட அலை அடுத்ததைத் தொட ஒரு மில்லி வினாடிகூட ஆகாது. அந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்துதான் திசையைக் கணக்கிட வேண்டும். கப்பலிலோ புகைபோக்கியிலும் கம்பத்திலும் பட்டுத் திரும்பும் எதிரொலி வேறு. தரமும் ரொம்பக் கேட்கவில்லை. முன்னாலா பின்னாலா, இடமா வலமா என்று தெரிந்தால் போதும் என்கிறது. முன்பக்கம் என்று தெரிந்தால் விதி 19 வேகத்தைக் குறைக்கச் சொல்லும், அதற்கு இது போதும்.

ரேடார் இருக்கிறது, கப்பல் தன் பெயரையும் இடத்தையும் ரேடியோவில் தானே அறிவிக்கும் ஏஐஎஸ் இருக்கிறது, இன்னும் எதற்குச் சங்கு என்பவர்கள் மலாக்கா நீரிணையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏஐஎஸ் கட்டாயம் என்பது பெரும்பாலும் பெரிய கப்பல்களுக்கு, அனைத்துலகப் பயணம் என்றால் 300 டன்னிலிருந்து. போர்ட் கிள்ளானுக்கு எதிரே புலாவ் கெத்தாம் தீவிலிருந்து கிளம்பும் சின்ன மரப்படகுக்கு அது கிடையாது. விடிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து புயல்மழை இறங்கும்போது ரேடார் திரையே மழையால் வெளுத்துவிடும், சின்னப் படகு அதில் கரைந்துபோகும். புகைமூட்டக் காலம் இன்னொன்று. 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காப்பாரில் அன்று சாலைக்கு எதிர்ப்பக்கம் தெரியவில்லை. அதற்கு முன் 1997 செப்டம்பரில் புகை சூழ்ந்திருந்த நீரிணையில் இந்தியச் சரக்குக் கப்பல் ஒன்று எண்ணெய்க் கப்பலோடு மோதி, 29 பேர் காணாமல் போனார்கள்.

இங்கேதான் அந்த 820 என்ற எண் என்னை உறுத்துகிறது. 20 மீட்டருக்குக் குறைந்த படகுகளின் சங்கை மதிப்பிடும்போது 2,100 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைக் கணக்கில் எடுக்கலாம் என்று மோதல் தவிர்ப்பு விதியே சொல்கிறது. 12 மீட்டருக்குக் குறைந்தவற்றுக்கு முறையான சங்குகூடத் தேவையில்லை, பலமாகச் சத்தம் எழுப்ப ஏதாவது இருந்தால் போதும். சிறிய படகின் கீச்சுச் சங்கும், படகுக்காரர் தட்டும் தகரத்தின் கணீர் ஓசையும் பெரும்பாலும் 820க்கு மேலே நிற்கும். தரத்தின் அளவோடு நின்றுவிடும் கருவி, மாமாவின் காது போல இடியை வாங்கிக்கொண்டு பேத்தியை விட்டுவிடும்.

அதனால் வேலை முடித்து ஒப்படைக்கும்போது வாட்ச் அதிகாரியைப் பக்கத்தில் நிறுத்தி ஒன்று செய்து காட்டுகிறேன். கதவுகளை மூடிவிட்டு, வெளியே நிற்கும் தம்பியைக் கையடக்கக் காற்றுச் சங்கை அழுத்தச் சொல்வேன். எங்களிடம் இருப்பது கீச்சு ரகம். விளக்கு எரியாது, ஒலிபெருக்கியிலும் ஒன்றும் வராது. அடுத்து ஒலிபெருக்கியில் 300 ஹெர்ட்ஸ் விடச் சொல்வேன். உடனே விளக்கு எரியும், சத்தமும் உள்ளே வரும். மூன்றாவதாக விங் கதவைத் திறந்துவிட்டு மறுபடியும் காற்றுச் சங்கு. இப்போது வெறும் காதுக்கே கேட்கும். பார்த்த அதிகாரிகள் யாரும் இதற்கு விளக்கம் கேட்டதில்லை. சேவை அறிக்கையில் மைக் இருக்கும் இடத்தின் இரைச்சல் அளவையும் படத்தையும் சேர்க்கச் சொல்லித் தம்பிகளைப் பழக்கியிருக்கிறேன். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது, பின்பக்கத்தில் எழுதுகிறோம்.

இதைப் படிக்கிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள் யாராவது கப்பலில் வாட்ச் பார்ப்பவர்களாக இருந்தால், அடுத்த முறை பேசும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். அந்த வால்யூம் குமிழ் எங்கே நிற்கிறது? கூரைமேல் இருக்கும் நுரைத் தொப்பியைக் கடைசியாக யார் தொட்டுப் பார்த்தது? தெரியவில்லை என்றால், பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை மங்கி ஐலண்டுக்கு ஏறிப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.