உமிச்சாம்பலும் ஹாஜியாரின் பணமும்

கிழக்கிலங்கையின் சம்மாந்துறையில் அரிசி ஆலைகளின் பின்பக்கம் போனால் உமிச்சாம்பல் குவிந்து கிடக்கும். கச்சான் காற்று வீசும் நாட்களில் கண்ணில் விழும், கொடியில் காயும் துணியில் படியும். நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமி. எரித்தால் 4 கிலோ சாம்பல். அதில் பெரும்பங்கு, மணலில் இருக்கும் அதே சிலிக்கா. பக்குவமாக எரித்து அரைத்தால், சீமெந்தில் ஒரு பங்கைக் குறைத்து அதைச் சேர்க்கலாம்.

அப்படிச் சாம்பல் சேர்த்து, தரையில் பதிக்கும் கல் செய்து பார்க்கும் எங்கள் ஆய்வுக்குப் பணம் தந்தவர் ஆலை முதலாளியான ஹாஜியார். முடிவு எதுவானாலும் வெளியிடுவோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். "எழுதுங்கள் மிஸ், என் சாம்பலில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது" என்று கையொப்பமிட்டார்.

ஆலைச் சாம்பல் சேர்த்து வார்த்த கனக்கற்களை, பலம் சோதிக்கும் வழக்கமான இருபத்தெட்டாம் நாளில் அழுத்தப் பொறியில் வைத்தோம். நல்ல கல் வெடிச்சத்தத்தோடு உடையும். எங்கள் கல் சத்தமில்லாமல் உதிர்ந்தது. மாணவி அளவுமானியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். உடைந்த பக்கத்தில் மிளகைத் தூவியது போலக் கரும்புள்ளிகள்: எரியாமல் நின்ற கரி. ஆலைக் கொதிகலனில் ஓரிடத்தில் உமி வேகாது. வேறோரிடத்தில் வெப்பம் 700 பாகை செல்சியஸைத் தாண்டினால் சிலிக்கா படிகமாக இறுகி, சீமெந்திலுள்ள சுண்ணாம்போடு சேராது.

அறிக்கையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தேநீர் ஆறும்வரை அவர் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்படியானால் எப்படி எரிப்பது?" அந்தக் கேள்விக்காக அவரை என்றும் மதிப்பேன். தனியாக ஒரு செங்கல் உலை கட்டித் தந்தார். உமியை மெல்லியதாகப் பரப்பி எரித்தோம். சாம்பல் வெளிர்நிறத்தில் வந்தது, கல்லும் தாங்கியது.

உள்வீதி ஒன்றுக்கு இதே கல்லைப் பதிக்க அரச அலுவலகம் ஒன்றும் நிதி ஒதுக்கியது. டிசம்பர் 31க்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிவிடும் என்று பதினான்காம் நாளிலேயே சான்றிதழ் கேட்டார்கள். மறுத்தேன். பணம் போய்விட்டது. மழையில் பிள்ளைகள் சேற்றை மிதித்துப் பள்ளிக்கூடம் போகிற வீதி அது. இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை. ஆனாலும் இன்னும் இறுகி முடியாத கல்லுக்கு என்னால் கையெழுத்து வைக்க முடியாது.

கற்கள் இப்போது ஹாஜியாரின் ஆலை முற்றத்தில் இருக்கின்றன. நெல் லொறிகள் அவற்றின் மேல்தான் திரும்புகின்றன. மாதம் ஒருமுறை போய்க் குனிந்து பார்க்கிறேன். வாசலோரம் மூன்று கற்களின் விளிம்பு உடைந்திருக்கிறது. அதையும் அறிக்கையில் சேர்த்திருக்கிறேன்.