கேஸ் கிரில்லில் ஒயர் உருகினால் முதலில் தேட வேண்டியது காரணத்தை

டெக்சஸில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்பது நான்கு பர்னர் கொண்ட, புரொப்பேன் கேஸில் எரியும் கிரில் அடுப்பு. வேறொருவரிடம் இருந்ததை வாங்கியது. கொஞ்ச காலமாக, பட்டனை அழுத்தினால் டிக் டிக் என்று சத்தம் வரும். நடுவில் இருக்கும் ஒரு பர்னர் மட்டும் பற்றாது. நீளமான லைட்டரை விட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தோம். உள்ளே எரியும் 12 வோல்ட் ஹாலஜன் விளக்கும் போனபிறகு, இனி தள்ளிப்போடக் கூடாது என்று பிரித்துப் பார்க்க முடிவு செய்தேன்.

சிலிண்டர் வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரைத் தூரமாக நகர்த்தினேன். விளக்குக்கான பிளக்கையும் பிடுங்கினேன். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழ்ப்பெட்டிக்குள் தேங்கி நிற்கும். அதனால் கதவுகளைத் திறந்துபோட்டு நன்றாகக் காற்றாட விட்டேன்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். செய்ய விரும்புகிறவர்கள் கேஸ் துளியும் இல்லை என்று உறுதியான பிறகே செய்யுங்கள். இருட்டும்வரை பொறுத்திருந்து, மூடியைத் திறந்து வைத்துப் பட்டனை அழுத்தினேன். மற்ற பர்னர்களின் பீங்கான் முனையில் நீலப் பொறி பளிச்சென்று குதித்தது. பற்றாத பர்னரின் முனையில் ஒன்றும் இல்லை. குனிந்து, குமிழ்கள் இருக்கும் முன்பலகைக்கு அடியில் பார்த்தால், அந்த முனைக்குப் போகும் ஒயரின் நடுவிலிருந்து மெல்லிய நீல இழை ஒன்று பக்கத்துத் தகட்டுக்குத் தாவுகிறது! மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் இதே ஒயர் அறுபடாமல் நன்றாக இருப்பதாகத்தான் காட்டும். உள்ளே கம்பிக்குச் சேதமில்லை; மேலுறைதான் போயிருக்கிறது. பட்டனோடு இணைந்த பொறிப்பெட்டி சின்னப் பேட்டரியில் ஓடுவது என்றாலும் அது உண்டாக்கும் பொறி 10,000 வோல்ட் அளவுக்குப் போகும். உறையில் வெடிப்பு இருந்தால் முனை வரை போகாமல் வழியிலேயே இறங்கிவிடும்.

மறுநாள் குமிழ்களை உருவி, முன்பலகையின் திருகுகளைக் கழற்றினேன். பொறி ஒயரின் உறை கருகி, தொட்டால் உதிர்ந்தது. பழைய சொந்தக்காரர் அதன்மேல் சுற்றியிருந்த கறுப்பு டேப் உருகிப் பிசினாக வழிந்திருந்தது. சாதாரண பிவிசி டேப் 80 டிகிரி செல்சியஸை ஒட்டியே தாங்கும். அதை அந்த இடத்தில் சுற்றவே கூடாது. விளக்குக்குப் போகும் இரண்டு ஒயர்களும் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன.

அங்கேயே புது ஒயரைப் போட்டு மூடியிருக்கலாம். ஆனால் கருகியது அந்த ஒரு பர்னருக்கு முன்னால் மட்டும். மேலேயிருந்து வந்த சூடு என்றால் எல்லாப் பக்கமும் அடித்திருக்கும். அந்தப் பர்னர் குழாயின் வாய்க்கு எதிரே இருந்த தகடு வேறு நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருந்தது. பர்னரைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அடுத்த முனை தெரியவில்லை. பாட்டில் கழுவும் பிரஷ்ஷை விட்டு இழுத்தபோது, சிலந்தி வலை பஞ்சுச் சுருளாக வந்தது. வாயில் இருக்க வேண்டிய கம்பிவலையும் கிழிந்திருந்தது.

இதுதான் மூலகாரணம். சின்னத் துளை வழியாகப் பீறிட்டு வரும் கேஸ், பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போய், மேலே உள்ள ஓட்டைகளில் எரிய வேண்டும். வழி அடைபட்டால் அது திரும்பி, குழாயின் வாயிலேயே, அதாவது ஒயரும் வால்வும் இருக்கும் முன்பலகைக்கு அடியிலேயே எரிகிறது. ஒயர் உருகியது நமக்குக் கிடைத்த எச்சரிக்கை. இதைக் கவனிக்காமல் ஒயரை மட்டும் மாற்றினால் அதுவும் உருகும். ஒருநாள் ஆளுக்கும் ஆபத்து. இதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தப் பதிவு.

எல்லாப் பர்னர்களையும் கழுவி, துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, புதுக் கம்பிவலை போட்டேன். அப்புறம்தான் ஒயர்.

விளக்கு ஒயர், பொறி ஒயர் என்ற இரண்டு வகைகளின் தேவையும் வேறு வேறு. விளக்கு ஒயருக்கு வோல்ட் குறைவு, சூடு தாங்கினால் போதும். கண்ணாடி இழை பின்னிய சிலிக்கோன் ஒயர் 200 டிகிரி தாங்கும், அதைப் போட்டேன். பொறி ஒயருக்குச் சூட்டோடு உயர் வோல்ட்டும் தாங்க வேண்டும். கடையில் 600 வோல்ட் என்று போட்டிருக்கும் ஒயர் எத்தனை சூடு தாங்கினாலும் இதற்கு உதவாது. பீங்கான் முனையோடு சேர்ந்தே வரும் தடித்த சிலிக்கோன் ஒயரைக் கிரில்லின் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குவதே நல்லது.

இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைக்கவில்லை. பற்றவைக்கும் சாதாரண ஈயக்கலவை 183 டிகிரியை ஒட்டி இளகிவிடும். பிளாஸ்டிக் உறை இல்லாத, நிக்கல் பூசிய டெர்மினலை வைத்துக் கிரிம்ப் செய்து (அதாவது ஒயரோடு சேர்த்து இறுக்கி நசுக்கி), மேலே கண்ணாடி இழைக் குழாயைச் செருகினேன். ஒயரைக் கட்டவும் நைலான் டை வேண்டாம், ஸ்டீல் கிளிப் கிடைக்கிறது. பர்னர் குழாயில் எங்கும் படாமல், தகட்டின் கூர்முனையில் உரசாமல் ஒயரைக் கொண்டுபோவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பீங்கான் முனைக்கும் பர்னருக்கும் இடைவெளி 3 முதல் 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும்படி வளைத்து வைத்தேன்.

பர்னரைத் திரும்பப் பொருத்தும்போது வால்வின் மூக்கு குழாயின் வாய்க்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வெளியே நின்றால் கேஸ் முழுவதும் முன்பலகைக்குள்தான் போகும். அதையும் பார்த்துவிட்டு, குமிழ்கள் எல்லாம் மூடியிருக்க, சிலிண்டரை மெதுவாகத் திறந்தேன். சட்டென்று திறந்தால் ரெகுலேட்டர் கசிவு என்று நினைத்து ஓட்டத்தைக் குறைத்துவிடும், தீ எழும்பாது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவியதில் குமிழி எங்கும் வரவில்லை.

மூடியைத் திறந்துவைத்துப் பட்டனை அழுத்தியதும் நான்கும் பற்றின. அடைத்திருந்த பர்னரிலும் தீ இப்போது நீலமாக, ஓரம் முதல் ஓரம் வரை ஒரே உயரத்தில் எரிகிறது. அரைமணி நேரம் எரியவிட்டு முன்பலகையின் எல்லாப் பக்கமும் தொட்டுப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் தனியாகச் சுடவில்லை. குளிர்காலம் முழுக்க மூடிக்கிடந்த பிறகு முதல்முறை ஏற்றுவதற்கு முன் நான்கு குழாயிலும் பிரஷ் விடுவதை வழக்கமாக வைத்துக்கொண்டோம்.