குறட்டை நின்றபோதுதான் தங்கை பயந்தாள்

பல வருடங்களாக நான் களைப்போடுதான் எழுந்திருப்பேன். எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் காலையில் வாய் வறண்டிருக்கும், நெற்றி கனக்கும். அந்தத் தலைவலி எழுந்து நடமாடினால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். இரவில் சிறுநீர் கழிக்கப் பலமுறை எழுவேன். மதியத்துக்குமேல் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். ரத்தத்தில் இரும்புச்சத்து பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. மாதவிடாய் நிற்கும் வயது, வேலைப்பளு, மனக்கவலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. குறட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஒரு பயணத்தில் தங்கையும் நானும் ஒரே அறையில் படுத்தோம். காலையில் அவள் முகமே சரியில்லை. “அக்கா, நீ குறட்டை விடுறதுகூடப் பரவாயில்ல. திடீர்னு சத்தம் நின்னுடுது. வயிறு மட்டும் ஏறி இறங்குது, மூச்சு வரல. எழுப்பலாமான்னு நான் எழுந்து உட்காரும்போது மூச்சுமுட்டின மாதிரி ஒரு இழுப்பு இழுத்து, மறுபடி ஆரம்பிக்கிற. ராத்திரி பூரா இதேதான்” என்றாள். செல்போனில் பதிவும் செய்து வைத்திருந்தாள்.

அந்தப் பதிவை மருத்துவரிடம் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “இதைப் பதிவு செஞ்சவங்களுக்கு நீங்க நன்றி சொல்லணும்” என்றார். ரத்த அழுத்தம் பார்த்தார், கழுத்துச் சுற்றளவை அளந்தார், வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தார். எப்வொர்த் அளவுகோல் என்ற ஒரு தாளைக் கொடுத்தார். ஆஸ்திரேலிய மருத்துவர் மரி ஜான்ஸ் 1991-இல் வெளியிட்டது. எட்டே கேள்விகள்: படிக்கும்போது கண்ணயர்வீர்களா, பேசிக்கொண்டிருக்கும்போது, போக்குவரத்தில் வண்டி நிற்கும்போது என்று. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 10-க்கு மேல் போனால் பகல் தூக்கம் இயல்பைவிட அதிகம் என்று பொருள். எனக்கு 15 வந்தது.

அடுத்தது ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சையும் உடம்பையும் பதிவு செய்து பார்க்கும் சோதனை. சிலருக்கு வீட்டிலேயே செய்யும் சிறிய கருவி போதும். எனக்குத் தூக்கம் அடிக்கடி கலைவதாகவும் சொன்னதால் மருத்துவமனையில் ஓர் இரவு தங்கச் சொன்னார்கள். அந்த இரவை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஊசி இல்லை, வலி இல்லை. டெக்னீஷியன் ஒரு பெண். தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்து, பசை மாதிரி ஒன்றைத் தடவி மூளை அலைகளைப் பதியும் வயர்களை ஒட்டினார். கண்ணோரம், தாடை, நெஞ்சு, இரண்டு கால்கள் என்று இன்னும் சில வயர்கள். மூக்கில் மெல்லிய குழாய், விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப், மார்பைச் சுற்றி ஒரு பட்டை, வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை.

எதற்கு இரண்டு பட்டை என்று கேட்டேன். மூக்கில் காற்று நின்றபோதும் மார்பும் வயிறும் மூச்சுக்காக முயன்றுகொண்டே இருந்தால் தொண்டையில் அடைப்பு. அந்த முயற்சியே இல்லாவிட்டால் மூளையிலிருந்து கட்டளை வரவில்லை என்று அர்த்தம், இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்றார். தங்கை இருட்டில் உட்கார்ந்து பார்த்ததும் இதையேதான். வயர்களோடு எப்படித் தூங்குவது என்று கவலைப்பட்டேன். “எல்லாரும் இதத்தான் சொல்வாங்கம்மா, எப்படியும் தூங்கிடுவீங்க. கொஞ்ச நேரம் தூங்கினாலே எங்களுக்கு வேண்டியது கிடைச்சிடும்” என்றார். தூங்கித்தான் போனேன்.

முடிவு வந்தது. அடைப்பினால் வரும் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போவது. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. குறைந்தது 10 விநாடி காற்று நின்றால் அது ஒரு ஆப்னியா. முழுதாக நிற்காமல் குறைந்துபோவதையும் சேர்த்து, மணிக்கு எத்தனை தடவை என்று கணக்கிடுகிறார்கள். 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். எனக்கு 34. கனவு காணும் தூக்கத்தில் உடல் தசைகள் பெரும்பாலும் தளர்ந்துவிடுவதால் அந்த நேரத்தில் இன்னும் மோசமாக இருந்தது. ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 79 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் மூளை என்னை அரைகுறையாக எழுப்பித்தான் மூச்சு விட வைத்திருக்கிறது. எழுந்ததே எனக்குத் தெரியாது. இரவில் சிறுநீர் அடிக்கடி வந்ததற்கும் இதுதான் காரணமாம். அடைபட்ட தொண்டையோடு மூச்சிழுக்கும்போது இதயத்தின்மேல் விழும் இழுவிசையால், உடம்பில் நீர் அதிகம் இருப்பதாக நினைத்து இதயம் சிறுநீரைக் கூட்டும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. இதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன எல்லாவற்றுக்கும் ஒரே வேர்.

சிகிச்சை சிபேப் இயந்திரம். காற்றை ஒரு சீரான அழுத்தத்தில் மூக்கு வழியாக அனுப்பி, தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கும். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981-இல் இதைப் பற்றி முதலில் எழுதினார். அதற்கு முன் தீவிர நோயாளிகளுக்குக் கழுத்தில் துளைபோடுவதுதான் வழி. மாஸ்க்கைப் பார்த்து அலுத்துக்கொள்கிறவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

ஆனால் அலுப்பு நியாயமானதுதான். முதலில் கொடுத்த மாஸ்க் எனக்குப் பொருந்தவில்லை. மூக்குத்தண்டில் சிவந்து புண்ணானது, ஓரத்தில் கசிந்த காற்று கண்ணில் அடித்தது. கண் எரிய எரிய நடு ராத்திரியில் கழற்றி வைத்துவிடுவேன். கொடுத்த இடத்தில் “பழகிடும்” என்ற ஒரே பதில். மருத்துவரிடம் திரும்பப் போனேன். முகத்தை அளந்து, மூக்குத் துவாரத்தின் கீழ் மட்டும் உட்காரும் சிறிய வகையை மாட்டிவிட்டார். படுக்கவைத்து, பக்கவாட்டில் திருப்பி, கசிகிறதா என்று பார்த்தார். ஈரப்பதம் சேர்க்கும் தொட்டியை இணைத்ததும் மூக்கு வறட்சி நின்றது. பகலில் படித்துக்கொண்டிருக்கும்போது கொஞ்ச நேரம் மாட்டிப் பழகச் சொன்னார், அது ரொம்ப உதவியது. இந்த இயந்திரத்தைக் கைவிடுகிற பலருக்கு மன உறுதி குறைவு என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். சரியான மாஸ்க்கை யாராவது உட்கார்ந்து பொருத்திவிட்டார்களா என்று முதலில் கேட்க வேண்டும்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் இரவில் எழுவது குறைந்தது, அப்புறம் காலைத் தலைவலி. மதியத்தில் ஒரு கட்டு விடைத்தாளை நிமிராமல் திருத்தி முடித்துவிட்டு, நேரத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். மருந்துக்குச் சரியாகக் கட்டுப்படாத ரத்த அழுத்தமும் இறங்க ஆரம்பித்திருக்கிறது.

குண்டான ஆண்களுக்குத்தான் இது வரும் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. எடை ஒரு முக்கியக் காரணம்தான், ஆனால் தாடை அமைப்பு, டான்சில் போன்ற வேறு காரணங்களும் உண்டு. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. பெண்கள் பெரும்பாலும் களைப்பு, தூக்கமின்மை, தலைவலி என்றுதான் சொல்வார்கள். குறட்டை விடுகிறேன் என்று சொல்லக் கூச்சம். அதனால் தூக்க மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். சில தூக்க மாத்திரைகளும் மதுவும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். தயவுசெய்து பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள்: குறட்டை நடுவில் நிற்கிறதா, எவ்வளவு நேரம்?

எல்லோருக்கும் சிபேப்தான் என்றில்லை. லேசான, நடுத்தர நிலையில் கீழ்த்தாடையை முன்னே நகர்த்தும் பல் கருவி சிலருக்குப் போதும். மல்லாந்து படுக்கும்போது மட்டும் வருபவர்களுக்குப் பக்கவாட்டில் படுப்பதே பெரிய மாற்றம் தரும்.

இன்னொன்று, பலருக்கு யாரும் சொல்வதில்லை. எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் ஸ்லீப் ஆப்னியா இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இயந்திரத்தையும் மாஸ்க்கையும் கையோடு எடுத்துப் போங்கள். மயக்க மருந்துக்கும் வலி மருந்துக்கும் பிறகு தொண்டை இன்னும் எளிதாக மூடிக்கொள்ளும். நான் ஒரு அட்டையில் இதையும் என் இயந்திரத்தின் அழுத்த அளவையும் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன். தங்கையிடமும் ஒரு பிரதி இருக்கிறது.