கோழிக்கூட்டுக்கு இரவில் வந்தவை

டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில், கரும்புக் காடு முடிந்து வீடுகள் தொடங்குகிற ஓரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. கொல்லை வேலிக்கு அப்பால் ஒரு சிற்றோடை. அதற்கும் அப்பால் கரும்பு. 2023 மே மாதம், வெட்டுத் தொடங்கியிருந்த நேரத்தில், மூன்றே வாரங்களில் எங்களுடைய 14 நாட்டுக்கோழிகளில் 5 போய்விட்டன. முதல் இரண்டும் தலையில்லாமல், நெஞ்சுப் பகுதி தின்னப்பட்டு, கூட்டுக்குள்ளேயே கிடந்தன. எனக்குப் பக்கத்து வீட்டு ஆரஞ்சு நிறப் பூனைமீதுதான் ஐயம். அதை வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். அந்த வீட்டு அம்மாள் அதன் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

ஆயா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "பூனை குஞ்சைத் தூக்கும்டா, முழுக் கோழியை இப்படித் தலையைக் கடிச்சுப் போடாது. இது மரநாய் வேலை" என்றார். ஆயா தம் வாழ்நாளில் மரநாயைக் கண்டதில்லை. அந்த விலங்கு தென்னாப்பிரிக்காவில் இல்லவே இல்லை. சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவர்களோடு வந்து, விலங்கை அங்கேயே விட்டுவிட்ட சொல் அது என்று நான் சிரித்தேன்.

சுவரில் ஏற்கெனவே ஒரு கண்காணிப்புக் கேமரா இருந்தது. ஆனால் அது வைஃபையை நம்பியிருப்பது. லோட்ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு வந்தால் கூட்டின் பக்கம் முழுவதும் இருண்டுவிடும், கோழி செத்த இரவுகளில் இரண்டு அப்படிப்பட்டவை. ஆகவே, காட்டு விலங்குகளைப் படமெடுக்கப் பயன்படும் டிரெயில் கேமரா ஒன்றை வாங்கினேன். எட்டு பென்லைட் பேட்டரியும் ஒரு மெமரி கார்டும் போதும். அதன் முன்னுள்ள உணரி, சூழலின் வெப்பத்திலிருந்து மாறுபட்ட உடல் ஒன்று நகர்வதை அறிந்து கேமராவை இயக்குகிறது; இருட்டில் அகச்சிவப்பு விளக்குகள் எரிந்து கறுப்பு வெள்ளையில் படம் பதிகிறது. இந்த விளக்குகளில் இரண்டு வகை உண்டு. 850 நானோமீட்டர் வகை நெடுந்தூரம் எட்டும், ஆனால் எரியும்போது மங்கலான சிவப்புப் புள்ளியாகத் தெரியும். 940 நானோமீட்டர் வகை கண்ணுக்குத் தெரியாது, எட்டும் தூரம் குறைவு. கூடு சிறியது, விலங்கும் மிரளக் கூடாது, ஆகவே இரண்டாவதை எடுத்தேன்.

முதல் வாரம் முழுவதும் வீண். ஆள் உயரத்தில் கட்டியதால் முதுகுகள் மட்டுமே விழுந்தன. கூட்டுக் கதவுக்கு மிக அருகில் வைத்ததால் விளக்கு பட்டு எல்லாம் வெள்ளைக்காடாக ஆயின. காலை வெயிலில் சூடேறி ஆடிய கரும்புத் தோகைகள் நூற்றுக்கணக்கான வெற்றுப் படங்களால் கார்டை நிரப்பின. பெட்டியோடு வந்த தாளில் கேமராவை வடக்கு நோக்கி வைக்கும்படி எழுதியிருந்தது. அது வட அரைக்கோளத்துக்காரர்களுக்கு எழுதியது. நமக்குச் சூரியன் வடக்குச் சாய்வில் செல்வதால், இங்கே லென்ஸ் தெற்கைப் பார்க்க வேண்டும். இதை உணர எனக்கு நான்கு நாள் பிடித்தது.

பின்னர் முழங்காலுக்குச் சற்றுக் கீழான உயரத்தில், கூட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, விலங்கு நேராக வராமல் குறுக்கே கடக்கும்படி சாய்வாகக் கட்டினேன். நேரே வரும் உருவத்தைவிடக் குறுக்கே போவதையே உணரி விரைந்து பிடிக்கிறது. கூட்டின் கால் ஒன்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டேன். மிகச் சிறிய வேலை, ஆனால் இதைவிடப் பயன்பட்டது வேறில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் அளவு என்பது பெரிய ஏமாற்று, அருகில் நிற்கும் எலியும் தூரத்தில் நிற்கும் கீரியும் ஒன்றுபோலவே தெரியும்.

கேமராவின் கடிகாரத்தை நான் 12 மணி நேரம் தவறாக வைத்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. பின்னிரவு 2 மணி என்று குறித்திருந்த படம் ஒன்றில், வர்வெட் குரங்கு ஒன்று முட்டையோடு வேலிமேல் உட்கார்ந்திருந்தது, முழு வண்ணத்தில். இரவுப் படத்தில் நிறம் இராது, குரங்கும் இரவில் திருட வராது. அதைத் திருத்திய பிறகே மற்றப் படங்களின் நேரத்துக்குப் பொருள் வந்தது.

திருத்திய மூன்றாம் இரவில் இன்னொரு கோழி செத்தது. கார்டில் இரண்டு விருந்தாளிகள் இருந்தார்கள். இரவு 10:50க்கு வந்தது கருத்த, சடைத்த மயிருடைய, தலையைத் தாழ்த்தி நடக்கும் உடல்: ஓடையோரத்தில் வாழும் நீர்க்கீரி. 3:52க்கு வந்தது நீண்டு மெலிந்த உடல், குட்டைக் கால்கள், மேனியெங்கும் பெரிய புள்ளிகள், உடலளவுக்கே நீண்ட வளையமிட்ட வால். நான் நீர்க்கீரியைத்தான் முதலில் குற்றவாளியாக்கினேன், முதலில் வந்தது அதுதானே என்று. ஆனால் விடியற்காலை 5 மணிக்கு நான் தூக்கியபோது கோழியின் இறக்கைக்கடியில் இன்னும் சூடு இருந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் செத்த உடல் ஜூன் மாதக் குளிரில் அப்படி இருக்காது. படத்தில் விழுந்ததால் மட்டும் ஒரு விலங்கு கொன்றதாகிவிடாது. யார் வந்தார்கள் என்று படம் சொல்கிறது. எப்போது, எப்படிச் செத்தது என்பதைக் கோழியின் உடலைத்தான் கேட்க வேண்டும்.

புள்ளியும் வளையமும் கொண்ட அந்த விலங்கு ஜெனெட். எதிர்வீட்டு ஜூலு நண்பர் படத்தைப் பார்த்த உடனே "இன்சிம்பா" என்றார். வால் நுனியைப் பார்த்தால் இனம் பிடிபடும்: நுனி கருப்பாக இருந்தால் பெரும்புள்ளி ஜெனெட், வெள்ளையாக இருந்தால் சிறுபுள்ளி ஜெனெட். எங்களுடையது கருப்பு நுனி. பூனைபோல் தோன்றினாலும் அது பூனைக் குடும்பமன்று. புனுகுப்பூனையும் மரநாயும் சேர்ந்த குடும்பம். அதாவது ஆயா சொன்னது கிட்டத்தட்டச் சரி. அன்று மாலை அவரிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடி தலையை மட்டும் ஆட்டினார்.

ஒவ்வொரு ஜெனெட்டுக்கும் புள்ளிக்கோலம் வேறு. கர்நாடகத்தின் நாகரஹொளேயில் 1990களில் வனவிலங்கு ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் புலிகளின் வரிகளைக் கொண்டு அவற்றைத் தனித்தனியாக எண்ணிய அதே முறையில், இடப்பக்கப் படங்களை இடப்பக்கத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தேன். வந்துகொண்டிருந்தவை இரண்டு. ஒன்றைப் பிடித்து எங்கோ விட்டுவரலாம் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. ஒன்று போனால் மற்றொன்று இருக்கிறது, இரண்டும் போனால் மூன்றாவது வரும். விஷம் வைக்கும்படி யோசனை சொன்னவர்களும் உண்டு. அதை நான் கேட்கவே விரும்பவில்லை. விஷம் தின்ற எலியை ஆந்தை தின்னும், நாய் தின்னும்.

நுழைந்த வழி எது என்பதுதான் உண்மையான கேள்வியாக இருந்தது. நான் கதவடியையும் மண்ணையும் ஐயுற்று, கம்பிவலையைத் தரையில் புதைத்திருந்தேன். கேமராவை வீடியோவுக்கு மாற்றிக் கூரையை நோக்கித் திருப்பினால், ஜெனெட் கொய்யாக் கிளையிலிருந்து தகரத்தின்மேல் இறங்கி, தகரத்தின் அலைமடிப்புக்கும் சுவர்ப் பலகைக்கும் இடையே, என் முஷ்டி மட்டும் நுழையும் இடைவெளியில், நீர் வடிவதுபோல் உள்ளே போயிற்று. தலை நுழைந்தால் உடல் நுழைந்துவிடும். கிளையை வெட்டினேன், இடைவெளி முழுவதையும் 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள பற்றவைத்த வலையால் அடைத்தேன். சாதாரண அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், கொல்ல வருவதை வெளியே வைக்க உதவாது. அதன் பிறகு பெரிய கோழி எதுவும் சாகவில்லை.

நீர்க்கீரியின் குற்றம் முட்டையோடு நின்றது. அடைக்கோழி ஒன்று வெளியே இட்டிருந்த முட்டைகளில் ஒன்றை முன்கால்களால் பிடித்து எழுந்து, சிமெண்டுப் படியில் ஓங்கி எறிந்து உடைப்பதைப் பதினைந்து வினாடி வீடியோ காட்டியது. நான் அதைப் பத்து முறையாவது பார்த்திருப்பேன்.

பிறகும் குஞ்சுகள் இரண்டு தடயமின்றிக் காணாமற்போயின, உணரியில் எதுவும் விழவில்லை. பாம்பாக இருக்கலாம் என்று அஞ்சினேன். பாம்பின் உடல் சூழலின் வெப்பத்திலேயே இருப்பதால் உணரி அதைப் பெரும்பாலும் காண்பதில்லை. அதனால் நிமிடத்துக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி அமைத்தேன். கிடைத்தது பாம்பன்று, குஞ்சைக் கழுத்தில் பிடித்துத் தீவனப் பெட்டிக்கடியில் இழுத்துச் செல்லும் எலி.

அந்தத் தொடர்ப் படங்களில்தான் பூனையும் இருந்தது. கறுப்பு வெள்ளையில் ஆரஞ்சு நிறம் தெரியாது. ஆனால் கருத்தடை செய்தபோது நுனி வெட்டப்பட்ட இடக்காது தெளிவாகத் தெரிந்தது. தீவனப் பெட்டியின் அருகே, வாயில் ஒரு பெரிய எலியோடு அது கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றது. படத்தை அச்செடுத்து, ஒரு டஜன் முட்டையோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அம்மாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இதை வாட்ஸ்அப்பிலும் அனுப்பு, மகளுக்குக் காட்டணும்" என்றார்.