எலைசாவின் குரல்: 1938இன் ‘பிக்மேலியன்’

டப்பிங் குரல் கொடுப்பது என் தொழில். அதனால் எந்தப் படமானாலும் என் காதுதான் முதலில் போய் உட்காரும், கண் பிறகுதான் வரும். அப்படிக் கேட்கக் கேட்க இன்னும் பிடித்துப்போகிற படம், 1938இல் பிரிட்டனில் வெளிவந்த ‘பிக்மேலியன்’. எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிற பெண்களிடம், முதலில் இதைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பெர்னார்ட் ஷாவின் நாடகம். அந்தோணி ஆஸ்க்வித்தும் லெஸ்லி ஹோவர்டும் சேர்ந்து இயக்கியது. ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸாக ஹோவர்டே நடித்தார். பூக்காரி எலைசா டூலிட்டிலாக வெண்டி ஹில்லர்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். லண்டன் கோவென்ட் கார்டனில் பூ விற்கும் பெண்ணின் கொச்சைப் பேச்சை மாற்றி, அவளைப் பிரபுக்கள் கூட்டத்தில் சீமாட்டியாக நடமாட விடுகிறேன் என்று ஹிக்கின்ஸ் பந்தயம் கட்டுகிறார். நண்பர் பிக்கரிங் செலவை ஏற்கிறார். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான படம்.

இதற்கு ஒன்பது வருடம் முன்னால் பிரிட்டிஷ் சினிமாவில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1929இல் ஹிட்ச்காக் ‘பிளாக்மெயில்’ எடுத்துக்கொண்டிருந்தபோது பேசும் படக் காலம் வந்துவிட்டது. கதாநாயகி ஆனி ஓண்ட்ரா செக் நாட்டு வாடையோடு ஆங்கிலம் பேசுபவர், கதையிலோ அவர் லண்டன் பெண். பேச்சைப் பிறகு தனியாகப் பதிந்து சேர்க்கும் வசதி அப்போது கிடையாது. ஜோன் பாரி என்ற நடிகை கேமராவுக்கு எட்டாத இடத்தில் மைக் முன்னால் நின்று வசனம் பேச, ஓண்ட்ரா வாயை மட்டும் அசைத்தார். ஒரு பெண்ணின் பேச்சு பிடிக்காவிட்டால் அவள் குரலையே எடுத்துவிடலாம் என்று இருந்த சினிமா, சில வருடங்களிலேயே அந்தக் குரல் யாருடையது என்று கேட்கிற படத்தை எடுத்தது. ஜோன் பாரியின் வேலையைத்தான் நானும் செய்கிறேன். அதனால் எலைசாவைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருவர் நினைவும் வந்துவிடும்.

படத்தில் சிரிப்புக்குப் பேர்போனது, ஹிக்கின்ஸின் அம்மா வீட்டுத் தேநீர் விருந்து. எலைசா பாதிப் பயிற்சியில் இருக்கிறாள். மழை வருமா என்று யாரோ கேட்டதும், ஸ்பெயினின் மழை சமவெளியில்தான் பெய்யும் என்கிற பயிற்சி வாக்கியத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறாள். (இந்த வரி மூல நாடகத்தில் இல்லை, படத்துக்காக வந்தது.) பிறகு அத்தை செத்த கதை. காய்ச்சலில் போய்விட்டாள் என்று ஊர் சொல்கிறது, ஆனால் ஆட்கள்தான் அவளை முடித்துவிட்டார்கள் என்பது இவள் கட்சி. ஜின் சாராயம் அந்த அத்தைக்குத் தாய்ப்பால் மாதிரி என்று வேறு சொல்கிறாள். எல்லாமே மகாராணி பேசுகிற உச்சரிப்பில்! வெண்டி ஹில்லர் இங்கே சிரிப்பு வரவழைக்க எதுவுமே செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு பொடி இடைவெளி. அடுத்த எழுத்தில் நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று அவள் தேடுகிற நேரம் அது. அந்த இடைவெளிதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது. கிளம்பும்போது அவள் சாவதானமாக உதிர்க்கும் அந்தக் கெட்ட வார்த்தை 1914இல் லண்டன் மேடையையே அதிர வைத்தது. படத்திலும் வெட்டுப்படாமல் வந்தது.

அடுத்தது தூதரக விருந்து. ஷா படத்துக்கென்றே எழுதிச் சேர்த்த காட்சி இது. ஹிக்கின்ஸின் பழைய மாணவன் கார்பாத்தி அங்கே வருகிறான். பேச்சை வைத்தே ஆளின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுவேன் என்று மார்தட்டுகிறவன். எலைசாவிடம் பேசிவிட்டு, இவள் ஆங்கிலேயப் பெண்ணே அல்ல, ஹங்கேரி ராஜ வம்சம் என்று தீர்ப்புச் சொல்கிறான். காரணம், அவள் ஆங்கிலம் மிக மிகச் சுத்தமாக இருக்கிறதாம். கற்றுக்கொண்டு பேசுகிற வெளிநாட்டாருக்குத்தான் இவ்வளவு நன்றாக வருமாம். எங்கள் ஸ்டுடியோவில் இது அன்றாடப் பாடம். ஒரு பிசிறும் இல்லாமல் பேசிய டேக் பல சமயம் திரையில் இருக்கும் முகத்தில் ஒட்டாது. மூச்சு வாங்குகிற சத்தத்தைத் துடைத்துவிட்டால் ஆள் காணாமல் போய்விடுவாள். ஷா இதை எப்படிப் பிடித்தார் என்று வியந்துகொண்டே இருக்கிறேன்.

என்னைப் பொறுத்தவரை படத்தின் உயிர் அதற்குப் பிந்தைய காட்சியில் இருக்கிறது. விருந்து முடிந்து மூவரும் வீடு திரும்புகிறார்கள். ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்கிறார்கள். அப்பாடா, முடிந்தது என்கிறார் ஹிக்கின்ஸ். ஜெயித்துக் கொடுத்தவள் அதே அறையில் நிற்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை இல்லை. மாதக்கணக்கில் வாயைத் திறக்கப் பழக்கப்பட்ட பெண், வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். பிறகு செருப்பு பறக்கிறது. அப்போது வரும் குரலைக் கேளுங்கள்: உச்சரிப்பு சீமாட்டியுடையது, அடியில் ஓடும் மூச்சு பூக்கூடையோடு நின்ற பெண்ணுடையது. அன்றைக்குப் பூ விற்றேன், என்னை விற்கவில்லை. என்னைச் சீமாட்டி ஆக்கிவிட்டாய், இனி விற்க என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். இதற்குப் பதில் அந்த மேதையிடம் கிடையாது.

மறுநாள் ஹிக்கின்ஸின் அம்மா வீட்டில் எலைசா இன்னும் நிதானமாகப் பேசுகிறாள். நீ கற்றுக்கொடுத்ததை நானும் கற்றுக்கொடுப்பேன், அந்த ஹங்கேரிக்காரனிடமே உதவியாளராகச் சேர்வேன் என்கிறாள். ஹிக்கின்ஸ் கொதிக்கிறார். கொதித்த கையோடு மலர்ந்தும் போகிறார். இதுவரை தன் குரலின் எதிரொலியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் முறையாக எதிரில் ஓர் ஆள் பேசுகிறாள். படத்தில் காதல் என்று ஒன்று இருந்தால் அது இந்த ஒரு நிமிடம்தான். லெஸ்லி ஹோவர்டின் முகம் தடுமாறுவதை விட்டுவிடாதீர்கள். அந்த வருடம் வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் பரிசு அவருக்குக் கிடைத்தது நியாயமே.

அத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் ஹிக்கின்ஸ் தனியாக வீட்டுக்கு வந்து, எலைசா முதல் நாள் பேசிய ஒலிப்பதிவைக் கேட்கிறார். முகம் கை கழுவிக்கொண்டுதான் வந்தேன் என்ற அவளுடைய பழைய வாக்கியத்தை, வாசலில் வந்து நிற்கும் எலைசாவே சொல்கிறாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், என் செருப்பு எங்கே என்று கேட்கிறார். இந்த முடிவை ஷா எழுதவில்லை. எலைசா தன்னை விரும்புகிற இளைஞன் ஃப்ரெடியை மணந்து பூக்கடை வைக்கிறாள் என்று நாடகத்துக்குப் பின்னுரையே எழுதியவர் அவர். 1914இல் ஹிக்கின்ஸாக நடித்த பீர்போம் ட்ரீ, திரை விழுவதற்குள் எலைசாவை நோக்கிப் பூக்களை வீசிக் காதலாக்கப் பார்த்தபோது ஷாவுக்குக் கடும் கோபம். அந்த ட்ரீயின் பேரன் டேவிட் ட்ரீதான் இந்தப் படத்தில் ஃப்ரெடி. அப்படியிருந்தும் ஃப்ரெடிக்கு எலைசா கிடைக்கவில்லை. திரைக்கதைக்காக ஷாவுக்கு ஆஸ்கர் மட்டும் வந்தது, உடன் எழுதிய மூவரோடு சேர்த்து.

நான் ஷா கட்சி. அம்மா வீட்டில் அவள் பேசிய பேச்சுக்குப் பிறகு செருப்பு எடுத்துக் கொடுக்கிற எலைசாவை என் காது ஏற்கவில்லை. எனக்குப் பிரியமானவர்களோடு பார்த்தால், அவள் கிளம்பிப் போகிற இடத்திலேயே படத்தை நிறுத்திவிடுவேன். கடைசிக் காட்சியும் வேண்டும் என்பவர்கள் அதை அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும்.