முள் இறங்கியதை நம்பினேன்: 22 வயது காரின் ஹெட் கேஸ்கெட் வேலை, இதுவரை

ஏற்றத்தில் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தபோது டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி மேலே போனது. ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு, ஓரமாக நிறுத்த இடம் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு நிமிடத்தில் முள் தானாக இறங்கிவிட்டது. பாதிக்கும் கீழே, குளிர்ந்த இன்ஜினில் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில். ஹீட்டரிலிருந்து வந்த காற்றும் அப்போது சூடில்லாமல் வந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டினேன். அடுத்த நான்கு கிலோமீட்டருக்குள் இழுவை குறைந்தது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம், பிறகு பானெட் விளிம்பெல்லாம் ஆவி.

இதே நிலையில் நாளை இன்னொருவர் இருக்கலாம் என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். முள்ளுக்குத் தகவல் தரும் சென்சார் தண்ணீரின் சூட்டைத்தான் சொல்லும், இரும்பின் சூட்டை அல்ல. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் அந்தத் தண்ணீர்க் கலவை) மட்டம் அந்த சென்சாருக்குக் கீழே போய்விட்டால் அதைச் சுற்றிக் காற்றும் ஆவியும்தான் இருக்கும். முள் இறங்கும். ஹீட்டருக்குப் போகவும் தண்ணீர் இருக்காது, அதனால் குளிர்ந்த காற்று வரும். ஏறிய முள் காரணமில்லாமல் இறங்கி, ஹீட்டரும் குளிர்ந்த காற்றை ஊதினால் உடனே சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்க வேண்டும். நான் ஓட்டிய அந்த நான்கு கிலோமீட்டர்தான் மொத்தச் சேதத்தையும் செய்தது.

ஒன்றரை மணி நேரம் ஆறவிட்ட பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் தொட்டேன். உள்ளே தண்ணீரே தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் சரியாக மேல் கோட்டில் நின்றது. வாரா வாரம் நான் பார்த்து நிம்மதியடைந்த அதே கோடு. இந்தப் புதிர் தீர மூன்று வாரம் ஆனது.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து சேர்த்தேன். முதல் வாரம் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை, பரிசோதனை மட்டும்தான். டிப்ஸ்டிக்கில் ஆயில், கூலன்ட் கலந்தால் வரும் அந்தப் பால் கலந்த டீ நிறத்தில் இல்லை, சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்து ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் உள்ள கீழ்ப் பாகமான பிளாக்குக்கும் நடுவே அடைக்கும் தகடு) பிழைத்தது என்று முடிவு கட்டக் கூடாது, ஏனென்றால் கேஸ்கெட் எந்த இடத்தில் போகிறது என்பதைப் பொறுத்தே அறிகுறி மாறும். ரேடியேட்டரை நிரப்பி ஸ்டார்ட் செய்து, அதன் கழுத்தில் பிளாக் டெஸ்டர் குழாயை வைத்தேன். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் டெஸ்டரிலுள்ள நீல நிறத் திரவம் மஞ்சளாகும். ஒரு நிமிடத்துக்குள் மஞ்சளாகிவிட்டது. அடுத்தது கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்ற சோதனை. முதல் சிலிண்டர் 175, இரண்டாவது 95, மூன்றாவது 90, நான்காவது 170 பிஎஸ்ஐ. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்தால் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் எரிந்து வழி விட்டிருக்கும்.

பழைய வண்டிதானே, வேறு இன்ஜின் தூக்கி வைத்துவிடு என்று சொன்னவர்கள் உண்டு. யோசித்தேன். ஆனால் வரும் இன்ஜினின் கதை எனக்குத் தெரியாது, இதன் கதை தெரியும். அடிப்பாகத்தில் தட்டும் சத்தம் கிடையாது, ஆயில் பிரஷர் நன்றாக இருந்தது. ஹெட்டைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வைத்தேன்.

இரண்டாம் வாரம் பிரித்தேன். கூலன்ட்டை மூடி போட்ட கேனில் பிடித்தேன்; அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயோ பூனையோ நக்கினால் செத்துப்போகும், தரையில் ஒரு சொட்டும் விடக் கூடாது. முதல் சிலிண்டரை டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) கொண்டுவந்து, டைமிங் குறிகளின் மேல் பெயின்ட் வைத்து, நாலு பக்கமும் போட்டோ எடுத்த பிறகுதான் டைமிங் பெல்ட்டில் கை வைத்தேன். ஹெட் போல்ட்டுகளைக் குளிர்ந்த இன்ஜினில், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். கடைசி போல்ட் வந்த பிறகும் ஹெட் அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவரை நடுவில் விட்டு நெம்பலாம் என்று கை பரபரக்கும். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே அடுத்த லீக். மேனிஃபோல்ட் பக்கத்தில் ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டினேன், "சொத்"தென்று விட்டது.

கேஸ்கெட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர் வளையங்கள் ஒன்றையொன்று நெருங்கும் இடம், அங்கே கேஸ்கெட்டின் அகலமே விரல் நுனி அளவுதான். உலோக வளையம் அந்த இடத்தில் எரிந்து காணாமல் போயிருந்தது. மிச்சம் கரிக்கோடு, நகத்தால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. மூன்றாவது சிலிண்டர் பக்கம் இருந்த தண்ணீர் ஓட்டையின் விளிம்பும் அரித்திருந்தது. பிஸ்டன் தலைகளில் மூன்று கரி படிந்து கறுப்பாக இருந்தன. மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் ஒரு பக்கம் தேய்த்துக் கழுவியது போல வெள்ளை வெளேரென்று பளபளத்தது. கூலன்ட் உள்ளே புகுந்து ஆவியாகிக் கரியை உரித்த தடம் அது.

இது ஏன் அந்த இடத்தில் போகிறது என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இந்த இன்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சாதாரணச் சூட்டில் இந்த வித்தியாசத்தைக் கேஸ்கெட் தாங்கிக்கொள்ளும். தண்ணீர் இல்லாமல் ஹெட்டின் சூடு எகிறும்போது, சுற்றிலும் போல்ட் பிடித்திருப்பதால் ஹெட்டுக்கு விரிய இடமில்லை, அதனால் நடுவில் வளைகிறது. நடு சிலிண்டர்கள் இரண்டுக்கும் இடையில் உலோகமும் குறைவு, தண்ணீர் போகும் இடமும் குறைவு.

ஸ்ட்ரெயிட் எட்ஜை ஹெட்டின் மேல் வைத்து, நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை என்று ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்த்தேன். இந்த ஹெட்டின் வளைவுக்கு மேனுவலில் உள்ள வரம்பு 0.05 மில்லிமீட்டர். நடுவில் 0.10 தகடு உள்ளே போனது, 0.15 போகவில்லை. பிளாக்கின் மேல் 0.03 கூடப் போகவில்லை. சிலிண்டர் சுவரில் ஹோனிங் கோடுகள் (தயாரிக்கும்போதே போடும் மெல்லிய குறுக்குக் கோடுகள்) இன்னும் தெரிந்தன, நகத்தில் தட்டும் கீறல் எதுவும் இல்லை. அன்றைக்குத்தான் இந்த இன்ஜினைக் காப்பாற்றலாம் என்று எனக்கு உறுதியானது.

ஹெட்டை லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். ஃபேஸிங் போட்டு, அதாவது அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கிக் கொடுத்தால் போதும் என்ற எண்ணத்தில்தான் போனேன். அங்கிருந்த பெரியவர் ஹெட்டின் அடிப்பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹெட்டின் மேலே உட்கார்ந்து வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் எங்கே என்று கேட்டார்.

"அடியில சீவுறதுக்கு முன்னாடி மேல பாக்கணும் தம்பி. ஹெட் வளைஞ்சா அடி மட்டுமா வளையும்? கேம் லைனும் சேர்ந்துதானே வளையும். அடியச் சமமாக்கிக் குடுத்துடலாம், மேல கேம் இறுகிப் போயிடும்."

"அப்படி வளைஞ்சிருந்தா என்னண்ணே பண்ணுவீங்க?"

"சூடு காட்டி மெதுவா நிமித்தணும், அப்புறம்தான் ஃபேஸிங். இல்லன்னா வேற ஹெட் பாக்கணும்."

கேம்மை அதன் பேரிங்கில் உட்கார வைத்து, எண்ணெய் விட்டு, கேப்களை முறுக்கி, இரண்டு விரலால் சுழற்றினார். வால்வு டாப்பெட் எதுவும் இல்லாத அந்தக் கேம் ஒரே சீராகச் சுற்றியது. ஒரு இடத்திலும் பிடிக்கவில்லை. என்னையும் சுற்றிப் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு பிரஷர் டெஸ்ட்: தண்ணீர் வழிகளை அடைத்து, உள்ளே காற்றைச் செலுத்தி, வெந்நீரில் முக்கினார். வால்வு சீட்டுகளுக்கு நடுவில்தான் விரிசல் வழக்கமாக வரும் என்பதால் அந்த இடத்தையே இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். குமிழி வரவில்லை. அடியில் 0.12 மில்லிமீட்டர் சீவி எடுத்தார், ஹெட்டின் உயரம் மேனுவல் சொல்லும் குறைந்தபட்சத்துக்கு மேலேயே இருந்தது. வால்வு சீல்களையும் மாற்றிக்கொண்டேன். ஃபேஸிங் மட்டும் போட்டு வாங்கி வருபவர்கள் தயவுசெய்து கேம்மைச் சுற்றிப் பாருங்கள்.

ஹெட் பட்டறையில் இருந்த நாட்களில் ரேடியேட்டரைக் கழற்றி, வாய்களை அடைத்து, தொட்டித் தண்ணீரில் முக்கி 0.9 பார் காற்று ஏற்றினேன். கீழ்ப் பக்கத்து பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு மடிந்து பிடிக்கும் ஓரத்திலிருந்து, ஃபேன் மூடி மறைத்திருந்த இடத்தில், ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. வெளியே துடைத்துப் பார்த்தால் வெளிர்பச்சைப் பொடி காய்ந்து ஒட்டியிருந்தது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அந்த ஓரம் ஒழுகவில்லை, அதனால் நிறுத்தும் இடத்தில் ஒரு சொட்டும் விழவில்லை. சூடாகி அழுத்தம் ஏறினால் மட்டும் கசிந்திருக்கிறது, கசிந்ததை ஃபேன் காற்று உடனே உலர்த்திவிட்டது.

சரி, கசிந்த அளவுக்கு ரிசர்வ் டப்பாவிலிருந்து இழுத்துக்கொள்ள வேண்டுமே? அதற்கான விடை மூடியில் இருந்தது. ரேடியேட்டர் மூடியில் இரண்டு ரப்பர் உண்டு. கீழ் ரப்பர் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். மேல் ரப்பர் கழுத்தின் வாயை மூடும். இன்ஜின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியின் நடுவிலுள்ள சின்ன வால்வு திறந்து, டப்பாவிலிருந்து கூலன்ட் திரும்பி வரும். என் மூடியின் மேல் ரப்பரை வளைத்துப் பார்த்தேன், காய்ந்த சேற்றைப் போலச் சுற்றிலும் வெடிப்பு. கூலன்ட்டுக்குப் பதில் அந்த வெடிப்பு வழியாகக் காற்றை உறிஞ்சியிருக்கிறது. ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே வந்தது, டப்பா மட்டும் நிறைந்தே இருந்தது. கேஸ்கெட்டைக் குற்றம் சொல்லி என்ன பயன்? இந்த ரப்பரை மாற்றாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதங்களில் மறுபடியும் இதே ஏற்றத்தில் நின்றிருப்பேன்.

அழுத்தத்தின் அருமையும் இங்கேதான் புரிந்தது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். 0.9 பார் மூடி சரியாகப் பிடித்தால் 125 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். கசிவு, தண்ணீரோடு சேர்த்து அந்தப் பதினெட்டு டிகிரியையும் கொண்டுபோய்விடுகிறது.

ரேடியேட்டர், மூடி, எல்லா ஓஸும் கிளிப்பும், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட் என எல்லாம் புதிது. பழைய தெர்மோஸ்டாட்டைத் தெர்மாமீட்டரோடு வெந்நீரில் போட்டுப் பார்த்தேன்; 82 என்று பொறித்திருந்தது, 83-ல் திறக்க ஆரம்பித்து 95-ல் முழுதாகத் திறந்தது. அதன் மேல் தப்பில்லை. புதியதையும் அதேபோல் சோதித்த பிறகே மாட்டினேன்.

பிளாக்கைச் சுத்தம் செய்யப் பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரும் பொறுமையும் மட்டும். டிரில்லில் மாட்டும் உரசு தகட்டை விட்டால் அரை மணியில் பளிச்சென்று ஆகும், ஆனால் அதன் தூள் ஆயில் வழியில் இறங்கி பேரிங்கைத் தின்றுவிடும். போல்ட் ஓட்டைகளில் தேங்கிய ஆயிலையும் தண்ணீரையும் காற்றடித்து வெளியேற்றினேன். அடியில் திரவம் இருக்கும்போது போல்ட்டை முறுக்கினால் அது போக இடமில்லாமல் பிளாக்கையே பிளக்கும்.

ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை இழுபட்டவை, மறுபடி போடக் கூடாத வகை. புதியவற்றை நடுவிலிருந்து வெளியே சுருள் வரிசையில் முதலில் 30 நியூட்டன் மீட்டர் இறுக்கம், பிறகு 90 டிகிரி திருப்பு, மறுபடி 90 டிகிரி. ஒவ்வொரு தலையிலும் வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டதால் எது திரும்பியது, எது பாக்கி என்று குழப்பம் வரவில்லை. கடைசி 90-ல் போல்ட் முறுகுவது கைப்பிடியில் தெரியும், உடையப் போகிறதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பெல்ட் மாட்டிய பிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் பழைய இடத்துக்கே வந்ததைப் பார்த்த பிறகுதான் பேட்டரி இணைத்தேன்.

வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, காற்று முழுதும் வெளியேறும்வரை மெதுவாகக் கூலன்ட் ஊற்றினேன். ஸ்டார்ட் ஆனதும் பத்து நிமிடம் சைலன்சரில் வெள்ளைப் புகை. குழாயில் தேங்கியிருந்த பழைய தண்ணீர், பிறகு நின்றுவிட்டது. ஃபேன் தானாக ஓட ஆரம்பித்த அந்த "விர்ர்" சத்தத்துக்காகப் பக்கத்திலேயே காத்திருந்தேன். ஆயிலை 50 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-ல் ஒருமுறை மாற்றினேன்.

இப்போது 1,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்ப்ரெஷன் 174, 168, 160, 172. மூன்றாவது மட்டும் கொஞ்சம் குறைவு. அந்தச் சூட்டில் அதன் ரிங்குகள் இறுக்கம் இழந்திருக்கலாம் என்று நினைக்கிறேன், ஆயிலும் 1,000 கிலோமீட்டருக்கு 200 மில்லி குறைகிறது. இப்போதைக்கு அளந்து குறித்துக்கொண்டு வருகிறேன், அது கூடினால் பிஸ்டனை இறக்கிப் பார்க்க வேண்டியதுதான்.

போன வாரம் ஹெட்டின் பின்பக்கத்து ஒரு சின்ன போல்ட்டுக்கு அடியில் வளையம் போன்ற சென்சார் ஒன்றை மாட்டினேன். அது தண்ணீரைக் கேட்காது, நேராக உலோகத்தின் சூட்டையே சொல்லும், தண்ணீர் முழுதும் போனாலும் சொல்லும். சாதாரண ஓட்டத்தில் 90-லிருந்து 96 வரை காட்டுகிறது, 110-ல் அலறும்படி வைத்திருக்கிறேன். அலாரம் வயரை டேஷ்போர்டுக்குள் கொண்டுபோகும் வேலை பாக்கி. இன்று காலை குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து பார்த்தேன், ரேடியேட்டரில் கழுத்து வரை கூலன்ட் நின்றது.