முதல் குண்டு மட்டும் மேலே

ஜூன் 2

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சியில் இன்றும் முதல் குண்டு மேலே போனது. 10.2 புள்ளி, டார்கெட்டைக் கடிகாரமாக நினைத்தால் நேர் பன்னிரண்டு மணி. அப்புறம் 10.5, 10.6, 10.4, 10.7 என்று ஒழுங்காக விழுந்தன. தண்ணீர் குடித்துவிட்டு வந்து அடுத்த வரிசையைத் தொடங்கினால் மறுபடியும் முதல் குண்டு 10.1, அதே இடம். "நிதானத்துக்கு வர்றதுக்குள்ள சுட்டுடுற" என்கிறார் கோச் சார். இல்லை சார். விசையை அழுத்தும்போது குறி நடுவில்தான் இருந்தது, எனக்குத் தெரியும்.

ஜூன் 3

அப்பா ராத்திரி தூங்கவில்லை.

ஜூன் 4

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடி முப்பது நிமிடம். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். குண்டு நொடிக்கு 172 மீட்டர் வேகத்தில் போனால் 10 மீட்டரைக் கடக்க 0.058 நொடி. அதற்குள் 16.6 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். அந்த இறக்கத்துக்குச் சேர்த்துத்தான் குறிபார்க்கிற சைட்டைத் திருப்பி வைத்திருக்கிறோம். வேகம் ஒரு மீட்டர் கூடினால் குண்டு 0.2 மில்லிமீட்டர் மேலே விழும். பத்து என்று சொல்கிற அந்தப் புள்ளியே அரை மில்லிமீட்டர்தான், ஒவ்வொரு தசமமும் 0.25 மில்லிமீட்டர். அப்படியானால் என் முதல் குண்டு மட்டும் 6 மீட்டர் வேகமாகப் போனால் போதும், 1.2 மில்லிமீட்டர் மேலே ஏறிவிடும். 10.6 விழ வேண்டிய இடத்தில் 10.1, 10.2.

ரெகுலேட்டர் என்றுதான் தோன்றுகிறது. துப்பாக்கியின் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று. அதைக் குறைத்து ஒரே அளவில் உள்ளே விடுவதுதான் அதன் வேலை. வாஷர் லேசாகக் கசிந்தால், நான் சும்மா நிற்கிற நேரமெல்லாம் சொட்டுக் குழாய்க்கு அடியில் வைத்த குடம் மாதிரி உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். காத்திருந்து சுடுகிற குண்டு வேகமாகப் போகும். தொடர்ந்து சுடுகிற குண்டுகள் சரியாகப் போகும்.

நவம்பரில் சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு "எல்லாம் சரியா இருக்கு" என்று ஒரு சீட்டோடு திருப்பி அனுப்பினார்கள். எல்லாம் என்றால் என்ன? வேகம் எத்தனை என்று ஒரு எண் எழுதியிருக்கலாம். ஒரே ஒரு எண்.

கேட் திறப்பதற்கு முன் எக்ஸ்பிரஸ் ஊதிக்கொண்டே கடந்தது.

ஜூன் 6

குரோனோகிராஃப் வேண்டும், குண்டின் வேகத்தை அளக்கிற கருவி. இதில் இனிமேல் யோசிக்க ஒன்றுமில்லை. எது வாங்குவது என்பதுதான்.

ராத்திரி ஒரு மணி வரை படித்தேன். ரேடார் வகைதான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. அன்றைக்கு ரயில் ஊதிக்கொண்டு போனதே, அது கிட்டே வரும்போது சத்தம் ஒரு மாதிரி, கடந்து போனதும் இறங்கி ஒரு மாதிரி. அதே சங்கதிதான், சத்தத்துக்குப் பதில் ரேடியோ அலை. குண்டில் பட்டுத் திரும்புகிற அலை எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வேகத்தைச் சொல்லிவிடும். 2023-இல் வந்த கார்மின் ஸீரோ சி1 புரோ உள்ளங்கை அகலம்தான், ரைஃபிளுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், குண்டு எதற்குள்ளும் நுழைய வேண்டியதில்லை. ஆனால் வந்தபோதே விலை ஏறக்குறைய 600 டாலர். மேலே சுங்க வரி. அந்தப் பணத்துக்கு அப்பாவின் மாத்திரை எத்தனை மாதம் என்று ஒரு கணக்கு ஓடியது, அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

பேரல் நுனியில் கட்டுகிற வகை ஒன்று உண்டு, மேக்னெட்டோஸ்பீடு மாதிரி. எனக்கு வேண்டாம். நுனியில் எடை தொங்கினால் குண்டு விழும் இடமே மாறும், என்னுடைய சந்தேகமே விழும் இடத்தைப் பற்றித்தானே.

ஜூன் 8

சார் எங்கிருந்தோ ஒரு பழைய குரோனோ இரவல் வாங்கி வந்தார். ஒளி வகை. கீழே இரண்டு கண், அவற்றுக்கு மேலே இரண்டு வெள்ளைத் தகடு. குண்டின் நிழல் முதல் கண்ணைத் தாண்டி இரண்டாவது கண்ணைத் தாண்டுவதற்கு ஆகும் நேரத்தை எண்ணும். நடுவில் ஓர் அடி. 172 மீட்டர் வேகத்துக்கு அது ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை.

எங்கள் ரேஞ்ச் பழைய நெல் குடோன், வெளிச்சம் முழுக்க எல்இடி டியூப். 172, 168, 231, பிழை, பிழை, 149. சார் சிரித்துவிட்டார், எனக்கு அழுகை வந்தது. பிறகுதான் புரிந்தது. நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று, அதில் விளக்கு 100 முறை துடிக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது, கருவியின் கண்ணுக்குத் தெரியும். டியூப்பையெல்லாம் அணைத்துவிட்டு, வாட்ச்மேன் அறையிலிருந்து இரண்டு குண்டு பல்பு எடுத்து வந்து தகடுகளுக்கு மேலே தொங்கவிட்டோம். கம்பி சூடாக இருப்பதால் அது அவ்வளவாகத் துடிக்காது. அப்புறம் 171, 174, 172 என்று வந்தது. ஐந்து குண்டு. அதற்குள் கொடுத்தவர் வந்து கேட்டுவிட்டார்.

ஐந்தில் முதலாவது எது என்று நான் குறித்து வைக்கவில்லை. பல்பு மாட்டுகிற அவசரம். அதை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

ஜூன் 9

முதல் குண்டு 10.2.

ஜூன் 11

காலையில் புது யோசனை. குரோனோவே இல்லாத காலத்திலும் வேகத்தை அளந்திருக்கிறார்கள். 1742-இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு கட்டையை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டு அதில் சுட்டார். கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறதோ அதிலிருந்து குண்டின் வேகம். அந்த மனிதர் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாக இங்கேயே வந்து, கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் 1751-இல் காய்ச்சலில் இறந்துபோயிருக்கிறார். அப்பாவிடம் சொன்னேன். "நம்ம இளவேனில் பொறந்த ஊராச்சே" என்றார். ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் பெயரைச் சொல்லும்போது மட்டும் அப்பாவின் குரல் பழையபடி வருகிறது.

வெண்ணாற்றுக் கரையில் களிமண்ணுக்குப் பஞ்சமா. ஆறு காய்ந்து பாளம் பாளமாகக் கிடக்கிறது. ஒரு பாளத்தை நனைத்துப் பிசைந்து சின்னப் பால் டப்பாவில் அடைத்தேன். டப்பாவோடு 250 கிராம். ஒரு மீட்டர் நூலில் நான்கு முனையும் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு முனையில் தொங்கினால் தட்டாமாலை சுற்றுகிறது. பின்னால் ஒரு ஸ்கேல், அதன்மேல் மடித்த அஞ்சலட்டை. டப்பா ஆடும்போது அட்டையைத் தள்ளிவிட்டுத் திரும்பிவிடும், அட்டை நின்ற இடத்தைப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு முழம் தள்ளி வைத்தேன். குண்டோடு வருகிற காற்றே டப்பாவைத் தள்ளியது. மூன்று மீட்டருக்கு நகர்த்தினேன்.

பத்து நிமிடம் காத்திருந்து முதல் குண்டு: 12.0 செ.மீ. அடுத்தது 11.6. அடுத்தது 11.6. அடுத்தது 11.5.

12.0 என்றால் நொடிக்கு 178 மீட்டர். 11.6 என்றால் 172. கை நடுங்கியது. சாருக்குப் போன் பண்ணவில்லை. இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

ஜூன் 12

மேட்டூர் திறந்தாச்சு. டிவியில் பூவைத் தூவினார்கள். அப்பா எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

ஜூன் 13

நேற்று சுட்டதில் ஒரு தப்பு இருக்கிறது. பத்தாவது குண்டில் 11.3-க்கு இறங்கிவிட்டது. ரெகுலேட்டர் இந்தப் பக்கமும் கெட்டுவிட்டதா என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. விடியற்காலை நான்கு மணிக்குத்தான் உறைத்தது. ஒவ்வொரு குண்டும் களிமண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஒன்று 0.53 கிராம், பத்து குண்டுக்கு ஐந்து கிராமுக்கு மேல். டப்பா கனத்துவிட்டது, அதனால் குறைவாக ஆடுகிறது. அதே சமயம் இந்த வெயிலில் மண் காய்ந்து எடை குறைந்துகொண்டும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நிறுக்க வேண்டும்.

கடைத்தெருவில் பத்தர் தாத்தாவிடம் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற தராசு, பக்கத்தில் மூச்சு விட்டாலே எண் மாறுகிறது. "என்னம்மா இது, ரவையா?" என்று இடுக்கியால் ஒரு பெல்லட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் பாவாடை மாதிரி விரிந்த அடிப்பகுதியை நகத்தால்கூடத் தொடவில்லை. நான் சொல்லவே இல்லை, ஈயம் நசுங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இருபது பெல்லட் நிறுத்தோம். 0.528, 0.531, 0.530, 0.536, 0.529… ஒவ்வொன்றையும் அவர் வாய்விட்டுப் படிக்க நான் எழுதினேன். கடைக்கு மூக்குத்தி வாங்க வந்த அம்மா ஒருத்தர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "ஜெயிச்சுட்டு வந்து சொல்லு."

ஜூன் 14

ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் தப்பாகப் படித்தால் வேகத்தில் ஒன்றரை மீட்டர் தப்பு. டப்பா கோணலாக ஆடினால் இன்னும் தப்பு. 178-க்கும் 172-க்கும் உள்ள வித்தியாசத்தை இது காட்டும், ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒருவரிடம் போய் "உங்கள் வாஷர் கசிகிறது" என்று சொல்ல முடியாது. சொன்னால் டப்பாவைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஆனால் இந்தக் களிமண் ஒன்று தெளிவாக்கிவிட்டது. எனக்கு உண்மையான வேகம் வேண்டியதே இல்லை. 172-ஐ 175 என்று காட்டுகிற கருவியாக இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு குண்டுக்கும் அதே 3 தப்பாகக் காட்டினால் எனக்குப் போதும். ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அது மாறாமல் சொல்ல வேண்டும். அப்படிப் பார்த்தால் ரேடாருக்குக் கொடுக்கிற பணத்தில் பெரும்பகுதி எனக்குத் தேவையே இல்லாத விஷயத்துக்கு. நொடிக்கு 5000 அடி வரை அளக்குமாம். என் குண்டு 600 அடியைக்கூடத் தொடாது.

இன்னொன்று குழாய் வகைக் குரோனோ. மூடிய குழாய்க்குள் இரண்டு இன்ஃப்ராரெட் கண். வெளிச்சம் உள்ளேயே இருப்பதால் டியூப், வெயில், மேகம் எதுவும் ஒன்றும் செய்யாது. பேரலில் கட்டாமல் தனி ஸ்டாண்டில் வைக்கலாம். குறை என்னவென்றால் இரண்டு கண்ணுக்கும் நடுவே தூரம் கம்மி, அதனால் சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும். ஆனால் அந்தத் தூரம் குண்டுக்குக் குண்டு மாறாதே. பிழை இருந்தாலும் ஒரே பிழையாகத்தான் இருக்கும்.

முடிவு பண்ணிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 15

இல்லை. ரேடார் வாங்கினால் ரேஞ்சில் எல்லோருக்கும் ஆகும். குழாயில் ஒரு குண்டு தட்டினால் முடிந்தது.

ஜூன் 17

சிங்கப்பூர் மாமா பேசினார், 24-ஆம் தேதி திருச்சியில் இறங்குகிறார். "பாப்பாவுக்கு என்ன வேணும்னு சொல்லு, வெக்கப்படாத." ரேடாரின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் வாங்கி வருவார், அதுதான் கஷ்டம். இந்த ரைஃபிளே மூன்று மா நிலம் விற்று வாங்கியது, அதற்குமேல் யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. குழாய் வகையின் படத்தை அனுப்பினேன். "இவ்ளோதானா?" என்றார்.

ஜூன் 19

வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் நுரையும் சருகும், பின்னால் செம்மண் கலங்கல். நான் மண் வெட்டிய பள்ளம் கண்முன்னே நிரம்பியது. அப்பாவைத் தம்பி வண்டியில் பாலம் வரை கூட்டிப்போய்க் காட்டினான். திரும்பி வந்து இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஜூன் 20

10.1. மேலே.

போட்டியிலும் இதேதான் நடக்கும். சைட்டர் நேரம், அதாவது கணக்கில் சேராமல் சுட்டுப் பார்க்கிற நேரம், முடிந்ததும் ஓர் இடைவெளி, அப்புறம்தான் கணக்கில் சேரும் முதல் குண்டு. அது மேலே போகும். வெறும் காற்றைச் சுட்டு அழுத்தத்தை இறக்கிவிடலாமே என்றால், போட்டி தொடங்கியபின் குண்டில்லாமல் சுட்டால் அது மிஸ். பூஜ்யம். அறுபது குண்டில் நடுவே எத்தனை முறை துப்பாக்கியை இறக்கி வைக்கிறேன்? எட்டு, பத்து. ஒவ்வொன்றிலும் நாலைந்து தசமம் போனால் மூன்றிலிருந்து ஐந்து புள்ளி. தகுதி மதிப்பெண்ணுக்கு நான் இரண்டு புள்ளியில் நிற்கிறேன்.

ஒருவேளை ரெகுலேட்டரில் ஒன்றுமே இல்லாமல் சார் சொல்வதுதான் சரியாக இருந்தால்? அன்றைக்கு 12.0 என்று நான் ஆசைப்பட்டுப் படித்திருந்தால்? அட்டையை நான்தான் வைத்தேன், நான்தான் படித்தேன்.

ஜூன் 22

அப்பாவுக்கு மறுபடியும் காய்ச்சல். ரேஞ்சுக்குப் போகவில்லை.

ஜூன் 24

மாமா வந்தார். கோடாலித் தைலம், சாக்லேட், அம்மாவுக்குப் புடவை, நடுவில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. கையில் எடுத்தால் எடையே இல்லை. ராத்திரி பத்து மணி, வீட்டில் சுட இடமில்லை. குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே எதிரெதிராக நான்கு கருப்புப் பொட்டு.

அப்பாவுக்குச் சூடு இல்லை.

ஜூன் 25

காலை ஆறு மணிக்கே ரேஞ்ச். சார் சாவியோடு வந்தார். குழாயை ஸ்டாண்டில் வைத்து, ரைஃபிளைத் தாங்கியில் கிடத்தி, பின்னாலிருந்து பேரலை ஒட்டிப் பார்த்துப் பார்த்து நேர் பண்ணவே முக்கால் மணி நேரம். குழாயின் வட்டத்துக்கு நடுவே டார்கெட் தெரிய வேண்டும்.

முதலில் தொடர்ந்து பத்து, நாற்பது நொடிக்கு ஒன்றாக. 174.6, 174.1, 174.8, 174.3, 174.4… ஒரு மீட்டருக்குள் அடங்கிவிட்டது. சார் ஒன்றும் பேசாமல் டார்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஐந்து நிமிடம் காத்திருந்தோம். சார்தான் கடிகாரத்தைப் பார்த்தார். 180.2.

"இன்னொரு தடவை" என்றார். ஐந்து நிமிடம். 180.5. அடுத்த குண்டு 174.9.

"நான் உன்னையத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார் சார். நான் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 26

இன்று அப்பாவும் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து, இடது கையால் எழுதினார். எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறது, ஆனால் ஒரு எண்கூடத் தப்பில்லை. எத்தனை நிமிடம் காத்தால் எவ்வளவு ஏறுகிறது என்று அட்டவணை போட்டு, வாஷரை மாற்றப் போகிறவரிடம் இதைத்தான் கொடுக்க வேண்டும். நவம்பரில் கொடுத்த இடத்துக்கு அனுப்ப மாட்டேன்.

ஒரு நிமிடம்: 175.3
இரண்டு: 177.0
நான்கு: 179.1
எட்டு: 181.6
பன்னிரண்டு நிமிடம் காத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. டார்கெட் தெரியவில்லை. மீதி நாளைக்கு.